வழியில் வாங்கிய கடன்: ஐதராபாத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத், செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களுக்கும், அங்கிருந்து நெடுந்தூரம் கிளம்பும் சைக்கிள் பயணிகளுக்கும்,

நெடுந்தூர சைக்கிள் பயணம் என்பது மாற்றுத் துணி, பஞ்சர் சாமான், மருந்து, படுக்கை எல்லாவற்றையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதித்துப் போவது. நாளொன்றுக்கு 80 முதல் 120 கிலோமீட்டர் போவது வழக்கம். சுமை 15 முதல் 20 கிலோ இருக்கும். இந்தச் சுமைக்குள் ஒரு மனிதருக்கு வேண்டியதெல்லாம் அடங்கிவிடாது. கோடைச் சாலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் குடிக்க வேண்டிவரும். ஒரு நாளைக்கான தண்ணீரைச் சுமந்துகொண்டு மேடேற யாராலும் ஆகாது. கூடாரம் கையில் இருந்தாலும் அதை அடிக்க யாரோ ஒருவருடைய நிலம் வேண்டும். வரைபடம் கையில் இருந்தாலும் பாலம் வேலை நடக்கிறதா, அடுத்த ஊரில் கடை திறந்திருக்குமா என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் தண்ணீரும் இடமும் சொல்லும் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. அந்த உதவி எங்கிருந்து வருகிறது, யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, வாங்கியவர் அதை எப்படித் திருப்ப வேண்டும் என்பதே இம்மடலின் பொருள்.

ஐதராபாத்துக்கு இந்த விஷயத்தில் தனி இடம் உண்டு. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, நாக்பூர், ஆதிலாபாத், நிர்மல், காமாரெட்டி வழியாக வந்து மேட்சல் பக்கம் நகருக்குள் நுழைகிறது. சம்சாபாத், சாத்நகர், ஜட்சர்லா வழியாகக் கர்நூலுக்கு இறங்குகிறது. புணேயிலிருந்து சோலாப்பூர், ஜகீராபாத் வழியாக வரும் 65ஆம் எண் சாலை நகரைக் கடந்து சூரியாபேட்டை, விஜயவாடா, மசூலிப்பட்டினம் போகிறது. கிழக்கே வாரங்கல்லுக்கு ஒரு சாலையும், தெற்கே நல்லமலைக் காட்டின் ஊடே ஸ்ரீசைலத்துக்கு ஒரு சாலையும் பிரிகின்றன. காஷ்மீரிலிருந்து குமரிக்கு மிதிப்பவர்களில் பலர் இந்த நகரைத் தொட்டே போகிறார்கள். இங்கிருந்து குமரி முனைக்கு இன்னும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒடிந்த ஸ்போக்கை மாற்றவும், துணி துவைக்கவும், இரண்டு நாள் காலை நீட்டவும் ஏற்ற இடைநிறுத்தம் இதுதான்.

சைக்கிளில் வருபவருக்கு மற்ற பயணிகளைவிட உதவி எளிதாகக் கிடைப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. காரில் போகிறவர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். ஊரைக் கடக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். சைக்கிள்காரர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் தெரியும்படி வருகிறார். வியர்வையும் புழுதியும் அவர் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகின்றன. ‘ஏ ஊரு?’ என்று தெலுங்கில் ஒருவர் கேட்டால் நின்று பதில் சொல்லாமல் போக முடியாது. பேச்சு அங்கே தொடங்கிவிடும். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு கயிற்றுக் கட்டில், பத்து நிமிட நிழல். கொடுப்பவரின் கை கடிக்காத அளவில் கேட்பதால் கொடுக்கும் மனம் எளிதில் வருகிறது. சைக்கிள் கிராமத்துக்குப் புதிய பொருளும் அல்ல. பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் கள் இறக்குபவரும் ஓட்டிய வண்டி அது. கியர், ஹெல்மெட் எல்லாம் புதிதாகத் தெரிந்தாலும், மிதிப்பதன் வலி அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சாலைகளில் வழிப்போக்கரைப் பேணும் ஏற்பாடு பல நூற்றாண்டுப் பழமை உடையது. கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி அரசுக்கு மசூலிப்பட்டினம் துறைமுகம். வைரமும் துணியும் அங்கே போகும் பாதையில் சென்றன. வணிகர் கூட்டங்கள் மாட்டு வண்டிகளிலும் ஒட்டகங்களிலும் வந்தன. அவர்கள் தங்கச் சராய்கள் கட்டப்பட்டன. 1591இல் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் மகள் ஹயாத் பக்ஷி பேகத்தின் பெயரால் அமைந்த ஹயாத்நகரில், பள்ளிவாசலைச் சுற்றி வரிசையாக அறைகள் கொண்ட சராயும் பெரிய கிணறும் இன்றும் இருக்கின்றன. விஜயவாடா போகும் இன்றைய 65ஆம் எண் நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகவே செல்கிறது. கோல்கொண்டாவுக்கு அருகே ஷேக்பேட்டையில் இரண்டடுக்குச் சராய் ஒன்று உண்டு. அதில் தங்குவதற்கு அறைகளும் விலங்குகளைக் கட்ட இடமும் இருந்தன. கார்வான் என்ற பகுதியின் பெயரிலேயே அந்த வணிகக் கூட்டங்களின் தடம் இருக்கிறது. ரயில் வந்த பிறகு நாம்பள்ளி நிலையத்துக்கு எதிரே நிஜாம் காலத்தில் ஒரு சராய் எழுந்தது. மன்னரும் அரச குடும்பத்துப் பெண்களும் பணம் படைத்தோரும் வழிப்போக்கருக்குக் கூரை அமைப்பதைத் தங்கள் கடமையாகவே வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ராணி மங்கம்மாளின் சத்திரங்களும் தஞ்சை மராத்தியரின் சத்திரங்களும் செய்தது இதே வேலை.

சராய்கள் பாழடைந்துவிட்டாலும் அந்த வேலை வேறு கைகளுக்கு மாறியிருக்கிறது. யுகாதி முடிந்து வெயில் ஏறியதும் தெலங்கானா கிராமங்களிலும் நகரத் தெருமுனைகளிலும் சலிவேந்திரங்கள் முளைக்கின்றன. கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஈரத்துணி சுற்றிய மண்பானைகள், ஒரு செம்பு, சில இடங்களில் கேழ்வரகு அல்லது சோள அம்பலி. தமிழ்நாட்டின் தண்ணீர்ப் பந்தலேதான். பஞ்சாயத்து, இளைஞர் சங்கம், கோயில், மளிகைக் கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் அதை நடத்துவார்கள். மே மாதத்தில் 42, 43 பாகை வெயிலில் மிதிப்பவருக்கு அடுத்த பந்தல் எத்தனை கிலோமீட்டரில் என்பதே அன்றைய கணக்கு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களுக்கு வீடுகளும் கோயில்களும் பகலில் பிட்சை என்ற பெயரில் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகின்றன. ஸ்ரீசைலத்தில் சமூகம் சமூகமாகக் கட்டிய சத்திரங்கள் பல உண்டு. ரமலான் மாதத்து மாலைகளில் நகரின் பள்ளிவாசல்களுக்கு அருகே நோன்பு திறக்கும் நேரத்தில் போகிறவர் கையில் பேரீச்சம்பழம் விழாமல் இருப்பது அரிது.

குருத்வாராக்கள் இந்த வட்டாரத்துப் பயணிக்கு மிகப் பெரிய துணை. பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் காலத்தில், 1832 வாக்கில், நிஜாமின் வேண்டுகோளின்பேரில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியப் படைவீரர்களின் வழிவந்தோர் அத்தாபூர் அருகே சிக் சாவனியில் வாழ்கிறார்கள். வடமேற்கே சுமார் 140 கிலோமீட்டரில் பீதரில் குரு நானக் ஜிரா சாஹிப் இருக்கிறது. சுமார் 275 கிலோமீட்டரில், 1708இல் குரு கோவிந்த் சிங் மறைந்த நாந்தேடில் ஹஜூர் சாஹிப் இருக்கிறது. ஐதராபாத்திலிருந்து மிதித்தால் முன்னது ஒன்றரை நாள், பின்னது மூன்று நாள். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் உட்கார்ந்தால் யார், எவர் என்று கேட்காமல் தட்டில் ரொட்டியும் பருப்பும் விழும். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நிற்பது வருபவரின் விருப்பம். வாங்குபவரும் உடனே கொடுப்பவராக மாற வழி செய்யும் இந்த முறையை எந்தப் பயணக் குழுவும் படித்துக்கொள்ளலாம்.

சமயம் சாராத இடங்களும் உண்டு. தாபாவில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டவரைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவிடுவது நெடுஞ்சாலை வழக்கம். லாரி ஓட்டுநர்களுக்காக ஏற்பட்ட அந்தச் சலுகை சைக்கிள்காரருக்கும் பொருந்துகிறது. பெட்ரோல் பங்குகள் குடிநீர், கழிப்பறை, டயருக்குக் காற்று, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கிராமத்துப் பஞ்சர் கடைதான் பல பயணங்களைக் காப்பாற்றுகிறது. அங்கே 28 அங்குல டயர்தான் கிடைக்கும். புதிய வகை வண்டிகளின் 700சி ரிம்மில் அது உட்காராது. ஆனால் அதன் டியூபை அவசரத்துக்கு உள்ளே திணித்து அடுத்த நகரம் வரை ஓட்டிவிட முடியும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே உள்ள பம்ப் பொருந்தாது. பத்து கிராம்கூட எடையில்லாத பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. உதவ நினைப்பவருக்கு உதவும் வழியைப் பயணி தன் பையில் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தியாவிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பியவர்களின் வரலாறும் இந்த உதவியின் வரலாறுதான். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரை முடித்து 1928 மார்ச்சில் திரும்பினார்கள். அவர்களுடைய பயண நூல் 1931இல் வந்தது; ஜவாகர்லால் நேரு முன்னுரை எழுதினார். 1926இல் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய பிமல் முகர்ஜி 1937இல்தான் ஊர் திரும்பினார். கைப்பேசியும் வங்கி அட்டையும் இல்லாத காலத்தில் அத்தனை ஆண்டுகள் பயணம் ஓடியது, ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்ததால். எதிர்த்திசையில், 1963 குளிர்காலத்தில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து தனியாகக் கிளம்பிய ஐரிஷ் பெண் டெர்வ்லா மர்பி, பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து சேர்ந்தார். வழியில் தேநீர்க் கடைகளிலும் கிராமத்து வீடுகளிலும் தங்கினார்.

1977 ஜனவரியில் டெல்லியிலிருந்து பழைய ராலே சைக்கிளில் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார் ஒடிசாவில் பிறந்த ஓவியர் பி.கே. மஹாநந்தியா. ஸ்வீடனில் இருந்த துணைவி சார்லோட்டைச் சேர்வது நோக்கம். கையில் காசு அதிகம் இல்லை. வழியில் சந்தித்தவர்களின் முகங்களை வரைந்து கொடுத்தார். சிலர் பணமும் சிலர் சாப்பாடும் படுக்கையும் தந்தார்கள். வியன்னா வரை வந்து, கடைசித் தொலைவை ரயிலில் கடந்து, மே மாதம் கோத்தன்பர்க் சேர்ந்தார். பெற்ற உதவிக்கு உடனுக்குடன் ஒரு கைம்மாறு செய்யும் திறமை அவரிடம் இருந்தது என்பதே அந்தப் பயணத்தின் அடிப்படை.

காசே இல்லாமல் போவது என்ற எண்ணத்துக்கும் ஐதராபாத்துக்கும் தொடர்பு உண்டு. 1951 ஏப்ரலில் நகரின் சிவராம்பள்ளியில் நடந்த சர்வோதய மாநாட்டுக்கு வினோபா பாவே வார்தா அருகே பவுனாரிலிருந்து நடந்தே வந்தார். மாநாடு முடிந்து தெலங்கானா கிராமங்களுக்கு நடந்தபோது, ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வெதிரெ ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலத்தைத் தருவதாக அறிவித்தார்; பூதான இயக்கம் அங்கே தொடங்கியது. நிலமற்றவர்களுக்காகக் கேட்டு நடந்தவருக்கு ஊர்தோறும் சோறும் இடமும் கிடைத்தன. பதினோரு ஆண்டுகள் கழித்து, அணு ஆயுதத்துக்கு எதிராக டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நோக்கி நடக்கப் புறப்பட்ட சதீஷ் குமாருக்கும் ஈ.பி. மேனனுக்கும் வினோபா சொன்ன அறிவுரை, பணம் எடுத்துப் போகாதீர்கள் என்பது. பணம் இருந்தால் விடுதியைத் தேடிப் போய்விடுவார்கள். இல்லாவிட்டால் மனிதரைத் தேடியே ஆக வேண்டும். ஐதராபாத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் போச்சம்பள்ளிக்கு, நெசவைப் பார்க்கச் சைக்கிள் குழுக்கள் போய்வருவதுண்டு. பூதானம் அங்கே தொடங்கியது அந்த ஊரின் இன்னொரு பெருமை.

விரும்பி மிதிப்பவரையும் வேறு வழியின்றி மிதித்தவரையும் ஒரே சாலை 2020இல் பார்த்தது. கொரோனா ஊரடங்கில் வேலையும் வாடகைப் பணமும் போன வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஐதராபாத்திலிருந்து கால்நடையாகவும் சைக்கிளிலும் வடக்கே கிளம்பினார்கள். அந்த ஆண்டு மே 1 அன்று நாட்டின் முதல் சிறப்பு ரயில் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹதியாவுக்குச் சுமார் 1,200 தொழிலாளர்களுடன் போன பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. 44ஆம் எண் சாலையில் மேட்சல் பக்கம் தன்னார்வலர்கள் சாப்பாடும் தண்ணீரும் நிழலும் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அதே மாதம் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, காயம்பட்ட தந்தையைக் கேரியரில் உட்காரவைத்துக் குருகிராமிலிருந்து பிகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட்டிப் போனாள்; வழியில் தெரியாதவர்கள் தந்த உணவும் அந்தப் பயணத்தைத் தாங்கியது. அந்த உதவிகளைப் போற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அரசும் முதலாளிகளும் செய்யத் தவறியதைச் சாலையோர மனிதர்கள் செய்தார்கள். தனி மனிதரின் கருணை இருக்கிறது என்பதைக் காட்டி அந்தத் தவறுகளை மறைத்துவிட முடியாது.

தெரியாதவர் உதவி ஒரு பாதி என்றால் நண்பர் உதவி மறுபாதி. அது சாலையில் தெரிவதில்லை. வீட்டில் இருந்தபடி தினமும் மாலையில் இருப்பிடத்தை விசாரிப்பவர், கர்நூலில் அச்சு முறிந்தது என்றால் அன்றிரவே பேருந்துப் பார்சலில் புதியதை அனுப்புபவர், விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் 50 கிலோமீட்டர் கூடவே மிதித்து வழியனுப்புபவர் ஆகியோர் அந்த வகை. நேர வரம்புக்குள் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டும் பிரெவே பயணங்களில், வெளியிலிருந்து வரும் உதவி வண்டி குறிப்பிட்ட சோதனை நிலையங்களில் மட்டுமே ஓட்டுபவரைச் சந்திக்கலாம். கூட ஓட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளத் தடை இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் செருகும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் வரும் சக ஓட்டுநரின் உதவிக்கு விலை போட முடியாது.

முன்னே போனவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வது தமிழ் இலக்கியத்தில் தனி வகையாகவே வளர்ந்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றில் நான்கு, வள்ளலிடம் பரிசு பெற்ற கலைஞர் எதிரே வரும் வறிய கலைஞரை அந்த வழிக்கு ஆற்றுப்படுத்துவதாக அமைந்தவை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் வழிப்போக்கருக்கு என்ன உணவு கிடைக்கும் என்பதுகூட வரிசையாகச் சொல்லப்படுகிறது. பெற்றவர் தாம் பெற்றதை மறைக்காமல் அடுத்தவருக்குக் காட்டிக் கொடுத்தார். இன்றைய சைக்கிள் பயணிகள் ஊர்வாரியாகத் தண்ணீர், தங்குமிடம், பழுது பார்க்கும் கடை என்று குறித்து வைக்கும் பட்டியல் அந்த மரபின் தொடர்ச்சி. 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய வார்ம் ஷவர்ஸ் என்ற அமைப்பு இதை உலக அளவுக்குக் கொண்டுபோனது. சைக்கிள் பயணிக்குக் காசு வாங்காமல் குளியலும் படுக்கையும் தருவது, பின்னொரு நாள் தானும் அதே போல மற்றவரிடம் தங்குவது என்பதே அதன் விதி.

ஒரு தனி மனிதர் தொடங்கியது எப்படி நிறுவனமாகிறது என்பதற்கு வர்ஜீனியாவின் ஆஃப்டன் ஊரில் வாழ்ந்த ஜூன் கர்ரி சான்று. 1976இல் அமெரிக்காவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கடக்கும் சைக்கிள் பாதை திறந்தபோது, மலையேற்றத்தில் தாகத்தோடு வந்தவர்கள் அவர் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீரோடு பிஸ்கட்டும் சுட்டுக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு பக்கத்து வீட்டையே பயணிகள் தங்க ஒதுக்கினார். 2012இல் இறக்கும்வரை அவர் அந்தப் பாதையின் அடையாளமாக இருந்தார். இப்படி உதவுபவர்களுக்கென அந்நாட்டுச் சைக்கிள் சங்கம் வழங்கும் விருது அவர் பெயரில் இருக்கிறது.

இந்த உதவி எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் ஊரே கூடும். அதே பழைய சட்டையோடு பக்கத்து மாநிலத்துத் தொழிலாளி வந்தால் சந்தேகப் பார்வை வரும். பெயரைக் கேட்டு மதத்தையும், ஊரைக் கேட்டு சாதியையும் கணக்குப் போடுபவர்கள் எல்லாச் சாலையிலும் உண்டு. தனியே வரும் பெண்ணுக்கு, உதவ வரும் கையிலேயே ஆபத்து இருக்கலாம். தனியே பயணிக்கும் பெண்கள் இருட்டுவதற்கு முன்பே தங்குமிடத்தை உறுதி செய்துகொள்கிறார்கள். பெண்கள் இருக்கும் வீட்டையோ, குருத்வாராவையோ, முன்பே பேசிவைத்த நண்பர் வீட்டையோ நாடுகிறார்கள். கூப்பிட்டதும் வண்டியில் ஏறிவிடாமல் மறுக்கவும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ‘யாராவது உதவுவார்கள்’ என்ற நம்பிக்கையை எல்லாருக்கும் பொதுவான அறிவுரையாகச் சொல்ல முடியாது. ஆகவேதான் ஏற்பாடு செய்யப்பட்ட உதவி, தற்செயலான உதவியைவிட நியாயமானது. யார் என்று பாராமல் திறக்கும் கதவு பலவீனமானவருக்கே அதிகம் பயன்படுகிறது.

கொடுப்பவர் பக்கமும் கணக்கு உண்டு. பெரும்பாலும் குறைவாக இருப்பவரே அதிகம் கொடுக்கிறார். இரண்டு அறை வீட்டில் ஒன்றை விட்டுக்கொடுப்பவர் அன்றிரவு வாசலில் படுக்கிறார். விருந்தாளிக்குக் கோழி அடித்தால் அந்த மாதச் செலவில் அது தெரியும். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகளால் சமூகங்கள் பின்னப்பட்டிருப்பதைக் காட்டினார். சைக்கிள் பயணத்தில் மூன்றாவது கடமை அதே ஆளுக்குத் திரும்புவது அரிது. அந்த வழியாக மறுபடி யார் போகப்போகிறார்கள்? அடுத்து வருபவருக்குத்தான் அதைச் செலுத்த முடியும். உடனடியாகச் செய்யக்கூடியவையும் உண்டு. கிராமத்துக்குள் நுழையுமுன் கடையில் காய்கறியோ பழமோ வாங்கிக்கொண்டு போவது, குழந்தைகளுக்கு நோட்டு, பென்சில் கொடுப்பது, கேட்காமல் படம் எடுக்காமல் இருப்பது, தங்கிய இடத்தைக் கூட்டிவிட்டுப் போவது, ஊர் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் சொல்வது. பணத்தை நீட்டினால் பலர் மனம் நோகும். தாபாவிலும் பஞ்சர் கடையிலும் பேரம் பேசாமல் கொடுத்தால் யாருக்கும் நோகாது.

உதவியின் மிகக் கடினமான வடிவம் விபத்தில் கிடப்பவரைத் தூக்குவது. காவல் நிலையம், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்ற பயத்தில் பலர் விலகிப் போவதுண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகளின்படியும், 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 134ஏ பிரிவின்படியும், நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்க முடியாது. பெயர், முகவரி கொடுக்கும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில்தான் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலையில் 1033, எல்லா அவசரத்துக்கும் 112. இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு சைக்கிள் குழுவின் சீட்டிலும் இருக்க வேண்டும்.

இனி ஐதராபாத் செய்ய வேண்டியவை. 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, மேலே சூரியத் தகடுகள் வேய்ந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. காலைப் பயிற்சிக்கு அது நல்ல ஏற்பாடு. தொலைவிலிருந்து வரும் பயணிக்கு வேண்டியவை வேறு. 158 கிலோமீட்டர் நீள வெளிவட்டச் சாலையின் நடுப்பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் சாலையில்தான் வர வேண்டும். மேட்சல், கொம்பள்ளி வழியாக லாரிகளுக்கு நடுவே நகருக்குள் நுழைவது புதியவருக்குப் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி. எல்லையில் ஒருவர் எதிர்கொண்டு சந்துகள் வழியாக அழைத்து வந்தால் அதுவே பெரிய உதவி. ஸ்ரீசைலம் சாலையில் நல்லமலைக் காட்டிலுள்ள புலிகள் காப்பகத்தின் வாயில்கள் இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் ஆள் வேண்டும். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தில் தகவல் தர வேண்டும். அது தெரியாமல் பின்வாங்குபவர்களுக்கு நிரப்பிக் காட்டும் ஆள் வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களை நோக்கி இம்மடல் எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. 1806இல் அமைந்த செகந்திராபாத் கன்டோன்மென்டை ஒட்டித் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். சோமசுந்தர முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரியானது. வீடு வீடாகத் தங்கி இந்தியாவைச் சுற்றிவந்த விவேகானந்தர், அமெரிக்கா போகுமுன், 1893 பிப்ரவரி 13 அன்று அங்கே பேசினார். வந்தவரை வரவேற்ற சமூகம் இது. குமரி நோக்கிப் போகும் பயணிக்கு ஓசூருக்குத் தெற்கே தேவைப்படும் மொழியும் உறவும் இந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் ஒரு சித்தப்பா, சேலத்தில் ஒரு அத்தை, மதுரையில் ஒரு பழைய வகுப்புத் தோழர் என்று ஒரு வரிசை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பில் 600 கிலோமீட்டருக்கு வழி அமைந்துவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சைக்கிள் பயணிகளின் பருவம். அது தொடங்குவதற்குள் மூன்று காரியங்கள் ஆக வேண்டும். மேட்சல், ஹயாத்நகர், சம்சாபாத், பட்டான்செரு ஆகிய நான்கு வாசல்களிலும் எதிர்கொண்டு அழைக்க ஒவ்வொரு சைக்கிள் குழுவும் ஆளை முறைவைக்க வேண்டும். ஒரு பாயும் ஒரு வாளித் தண்ணீரும் தரக்கூடிய வீடுகளின் பட்டியலைத் தமிழ்ச் சங்கங்கள் எழுதிவைக்க வேண்டும். பெண்களை வரவேற்கும் வீடுகளைத் தனியே குறிக்க வேண்டும். வெளியூர் போய்வந்த ஒவ்வொரு ஐதராபாத் பயணியும் தான் தங்கிய இரவுகளை எண்ணி, அத்தனை இரவுகளுக்குத் தன் வீட்டில் மற்றவருக்கு இடம் கொடுத்தாக வேண்டும்.